அப்பத்தாவிடம் வயது கேட்பது எப்படி: சமூகவியல், முதுமையியல், பாலினவியல் படிக்க வருபவர்களுக்கு

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ ஒரு ஊருக்குள் பகல் பதினொரு மணிக்கு நடந்து பாருங்கள். திண்ணையிலும் மரத்தடியிலும் இருப்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். இந்த வட்டாரத்தில் சமூகவியல் படிக்க வருகிறவர் முதுமையைத் தலைப்பாக எடுத்தால் ஆய்வுக்களம் பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. சிரமம் கேள்வி கேட்பதில்தான். இங்கே பெரும்பகுதி அதைப் பற்றியே எழுதியிருக்கிறோம்.

எங்கே, எந்தப் பெயரில்

முதுமையியல் என்ற பெயரிலேயே பட்டம் தேடி அலைய வேண்டாம். பெரும்பாலான இடங்களில் அது சமூகவியல் அல்லது சமூகப்பணி முதுகலைக்குள் ஒரு விருப்பப் பாடமாகத்தான் வரும். பாலினவியலைப் பல இடங்களில் மகளிரியல் என்றும் சொல்வார்கள். 1966-இல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகம், திண்டுக்கல் போகும் வழியில் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம், 1984-இல் கொடைக்கானலில் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றின் பாடத்திட்டங்களையும் தரவிறக்கி அருகருகே வைத்துப் படியுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கு இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மதுரை மண்டல மையம் இருக்கிறது.

பாடத்திட்டத்தில் மூன்றைப் பாருங்கள். ஆய்வு முறையியல் எந்தப் பருவத்தில் வருகிறது? புள்ளியியல் தனித் தாளா, முறையியலுக்குள் ஓர் அலகா? நான்காம் பருவத்து ஆய்வேடு கட்டாயமா? ஆய்வேட்டுக்குப் பதில் இன்னொரு தாள் எழுதலாம் என்று இருந்தாலும் ஆய்வேட்டையே எடுங்கள். பிறகு நெட் தேர்வு (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுதுகிறவருக்கு இன்னொன்று: சமூகவியலும் மகளிரியலும் அங்கே தனித்தனிப் பாடங்கள். எதில் எழுதப் போகிறோம் என்பதை முதலாம் ஆண்டிலேயே முடிவு செய்தால் விருப்பப் பாடங்களை அதற்கேற்ப எடுக்கலாம்.

கோட்பாட்டை ஊரில் உரசிப் பார்ப்பது

முதல் பருவத்தில் பெயர்களும் ஆண்டுகளும் மழையாகப் பொழியும். மனப்பாடம் செய்தால் தேர்வோடு போய்விடும். ஒவ்வொரு கோட்பாட்டையும் தெரிந்த ஒரு தெருவில் பொருத்திப் பார்த்தால் நிற்கும்.

கம்மிங், ஹென்றி இருவரும் 1961-இல் விலகல் கோட்பாட்டை முன்வைத்தார்கள். வயதாக ஆக மனிதர் சமூகத்திலிருந்து விலகுகிறார், சமூகமும் அவரை விடுவிக்கிறது, இது இயல்பானது, இரு தரப்புக்கும் நல்லது என்பது அதன் சாரம். இதை நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரையில் வைத்துப் பாருங்கள். மண்வெட்டி பிடிக்க முடியாத வயதிலும் கூடை தூக்க வந்து நிற்கும் பெண்கள் எதிலிருந்து விலகினார்கள்? சம்பளத்தோடு ஓய்வு பெறும் ஆணை மனதில் வைத்து எழுதிய கோட்பாடு, ஓய்வே இல்லாத பெண்ணிடம் வரும்போது தடுமாறுகிறது. இப்படி நான்கு வரி சொந்தமாக எழுதிய விடைத்தாள் தனியாகத் தெரியும்.

பால் (உடல் சார்ந்தது) வேறு, பாலினம் (சமூகம் வகுத்தது) வேறு என்ற பிரிவினையையும் இப்படியே பழகுங்கள். கணவர் மனைவியைவிட ஆறேழு வயது மூத்தவர், பெண்களின் சராசரி ஆயுளும் சற்று அதிகம். இரண்டையும் கூட்டினால் ஒரு பெண் பத்து ஆண்டுக்குக் குறையாமல் கைம்பெண்ணாக வாழ நேர்வது சாதாரணம். ஆயுளில் உள்ள வேறுபாட்டில் உடலுக்குப் பங்கு உண்டு. வயது வித்தியாசம் பார்த்துக் கட்டிவைத்தது சமூகம். மனைவியை இழந்த அறுபது வயது ஆணுக்கு ஊர் பெண் பார்ப்பதும், கணவனை இழந்த பெண்ணுக்கு அப்படிப் பார்க்காததும் முழுக்கப் பாலினம்.

தலைப்பைச் சுருக்குங்கள்

"மதுரை மாவட்ட முதியோரின் பிரச்சினைகள்" என்று ஆண்டுதோறும் யாராவது எழுதிக் கொடுக்கிறார்கள். அதை ஆய்வு செய்ய ஒருவரால் முடியாது. ஒரு ஊர், ஒரு கேள்வி, இரண்டு பாலினம் போதும். "தனியாக வாழும் முதிய பெண்களின் ஓய்வூதியப் பணம் யார் கையில் நிற்கிறது?", "பூக்கட்டி வாழும் முதிய பெண்களின் ஒரு நாள்" போன்றவை நான்கு மாதத்தில் முடியும்.

பழைய மாவட்டப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிடப் போகிறவர்கள் ஒரு குழியைக் கவனியுங்கள். 1981 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டம் என்றால் இன்றைய திண்டுக்கல், தேனி இரண்டும் சேர்ந்தது. 1985-இல் திண்டுக்கல் பிரிந்தது, 90களின் பிற்பாதியில் தேனி பிரிந்தது. இதை அறியாமல் 1981-ஐயும் 2011-ஐயும் பக்கத்தில் வைத்து "முதியோர் எண்ணிக்கை குறைந்துள்ளது" என்று எழுதிவிட்டால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுதான். 2011-இல் மாவட்ட மக்கள்தொகை 30,38,252. இந்த எண் இன்றைய எல்லைக்குரியது.

யாரிடம் கேட்பது: பட்டியல்

கண்ணில் பட்டவர்களைப் பிடித்துக் கேட்டால் திண்ணைக்கு வர முடிந்தவர்கள் மட்டுமே கிடைப்பார்கள். படுத்த படுக்கையாக உள்ளே இருப்பவர் விடுபடுவார். அதனால் பட்டியல் வேண்டும். எளிதில் கிடைப்பது வாக்குச்சாவடி வாரியான வாக்காளர் பட்டியல். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இருக்கும். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பால் எல்லாம் அதில் உண்டு.

அறுபதுக்கு மேற்பட்ட பெண்களையும் ஆண்களையும் தனித்தனியாக எழுதுங்கள். பெண்கள் 120 பேர், ஆண்கள் 90 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் 30 பேர் தேவை. பெண்களில் நான்கில் ஒருவர், ஆண்களில் மூன்றில் ஒருவர். சீட்டுக் குலுக்கித் தொடக்க எண்ணை எடுங்கள். பெண்களுக்கு 3 வந்தால் 3, 7, 11, 15 என்று போகும். இறந்தவர் பெயரும் ஊர் மாறியவர் பெயரும் பட்டியலில் இருக்கும் என்பதால் ஐந்துக்கு ஒருவர் வீதம் மாற்றுப் பெயர்களையும் இதே முறையில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். களத்தில் நின்று "பக்கத்து வீட்டுப் பாட்டி போதும்" என்று மாற்றினால் முறை கெட்டது.

பிறகு கணக்கிடும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பெண்களில் 15 பேருக்கு, ஆண்களில் 9 பேருக்கு ஓய்வூதியம் வருகிறது என்றால், 60 பேரில் 24, அதாவது 40 சதவீதம் என்று எழுதத் தோன்றும். ஊருக்கு அது பொருந்தாது. 120 பெண்களில் பாதி 60, 90 ஆண்களில் முப்பது சதவீதம் 27, மொத்தம் 210 பேரில் 87. ஆக 41.4 சதவீதம். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் எடை போட்டுக் கணக்கிடத் தெரிந்தவர் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

வயது

கேள்வித்தாளின் முதல் கேள்வி வயது. மிக அதிகமாகத் தப்பாவதும் இதுதான். "ஒரு எழுபது இருக்கும்ப்பா" என்பார்கள். அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் 60, 65, 70, 75 ஆகிய எண்களில் ஆட்கள் குவிந்து, 67-லும் 73-லும் ஆளே இருக்க மாட்டார்கள். ஆதாரும் முழுத் தீர்வாகாது. பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு வயதை வைத்து ஜனவரி 1 என்று பதிந்திருப்பார்கள்.

ஒரு நிகழ்வு நாட்காட்டி தயாரித்து அட்டையில் ஒட்டி எடுத்துப் போங்கள். இந்த வட்டாரத்துக்குப் பொருந்தும் சில: 1959 தொடக்கத்தில் வைகை அணை திறப்பு, 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல், 1967-இல் திமுக ஆட்சிக்கு வந்தது, 1969 பிப்ரவரி அண்ணா மறைவு, 1977-இல் எம்ஜிஆர் முதல்வரானது, 1981 ஜனவரி மதுரை உலகத் தமிழ் மாநாடு, 1984 அக்டோபர் இந்திரா காந்தி கொலை, 1987 டிசம்பர் எம்ஜிஆர் மறைவு. இவற்றோடு அந்த ஊருக்கே உரிய இரண்டைச் சேருங்கள்: கரண்டு வந்தது, பள்ளிக்கூடம் கட்டியது, கண்மாய் உடைந்தது.

கேட்கும் விதம் இப்படி. ஆதாரில் 1-1-1950 என்று இருக்கிறது. 2025-இல் 75 வயது. "அண்ணா செத்தப்ப நீங்க சமைஞ்சிட்டீங்களாம்மா?" "அந்த வருசந்தான் சடங்கு சுத்துனாக." சுமார் 14 வயது என்று கொண்டால் பிறப்பு 1955. "எத்தன வருசங் கழிச்சுக் கல்யாணம்?" "மூணு." 1972. "மாநாடு நடந்தப்ப மூத்த பிள்ளை படிச்சானா?" "ரெண்டாப்பு." 1981 ஜனவரியில் ஏழு வயது, அதாவது 1974 வாக்கில் பிறந்த பிள்ளை. மூன்று விடையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஆகவே வயது சுமார் 70. ஆதார் வயது, கணித்த வயது என்று இரண்டு கட்டங்களிலும் எழுதுங்கள். ஒன்றை அழித்து மற்றொன்றை எழுத வேண்டாம். மூத்த பிள்ளைக்கு முன்னால் பிறந்து இறந்த பிள்ளை உண்டா என்பதையும் மெதுவாகக் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்விக்குப் பிறகு சற்று நேரம் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருங்கள்.

ஆண்களிடம் சடங்குக் கேள்வி கிடையாது. முதல் ஓட்டு யாருக்கு, பட்டாளத்துக்கோ ஆலை வேலைக்கோ போன ஆண்டு எது என்று கேளுங்கள். அன்று ஓட்டுரிமை வயது 21 என்பதை நினைவில் வையுங்கள். 1989-இலிருந்துதான் 18.

முடியாதது, செய்யாதது

முதியோரின் உடல் இயக்கத்தை அளக்க இரண்டு அளவுகோல்கள் எல்லாப் பாடத்திலும் வரும். காட்ஸ் அளவுகோல் ஆறு அன்றாடச் செயல்களைக் கேட்கிறது: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. 1969-இல் வந்த லாட்டன் அளவுகோல் எட்டைக் கேட்கிறது: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பயணம், மருந்து எடுத்துக்கொள்வது, பணத்தைக் கையாள்வது.

காட்ஸ் அளவுகோலை எழுதியவர்கள் மனதில் இருந்தது கட்டிலும் நாற்காலியும். இங்கே பாயில் படுத்திருப்பவர் தரையிலிருந்து எழ வேண்டும். கட்டிலிலிருந்து எழ முடிந்தவரால் பாயிலிருந்து எழ முடியாமல் போகலாம். ஆகவே "எதில் படுக்கிறீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். கழிப்பறையும் அப்படியே. குத்தவைத்து உட்கார முடியாததால் வெளியில் போகிறவர் உண்டு, கழிப்பறை இருந்தும் அதில் விறகு அடுக்கியிருப்பதால் போகிறவரும் உண்டு. மூட்டுவலி ஒரு விடை, வீட்டு அதிகாரம் இன்னொரு விடை. ஒரே கட்டத்தில் இரண்டையும் போட்டால் ஆய்வு குழம்பும்.

லாட்டன் அளவுகோலின் பழைய பயன்பாட்டில் ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது மூன்றையும் விட்டுவிட்டு ஐந்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டார்கள். ஆண் அதைச் செய்வதில்லை என்பதை அளவுகோலே ஒப்புக்கொண்டுவிட்டது. எட்டையும் எல்லோரிடமும் கேட்டாலும் சிக்கல் தீராது. வாழ்நாளில் உலை வைக்காத தாத்தா "முடியாது" என்பார், சார்ந்திருப்பவர் என்று பதிவாகும். அவர் கைகால் நன்றாக இருக்கும். மறுபக்கம், வங்கிப் புத்தகத்தைக் கையில் வாங்கியே பார்க்காத அப்பத்தா பணம் கையாளத் தெரியாது என்பார். அவர் மூளையும் நன்றாக இருக்கும். கோழி விற்ற காசை ஐந்து பேரனுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தவர் அவர்.

அதனால் ஒவ்வொரு செயலுக்கும் மூன்று கட்டம் போடுங்கள்: இப்போது செய்கிறீர்களா, முன்பு எப்போதாவது செய்ததுண்டா, யாரும் இல்லாவிட்டால் செய்ய முடியுமா. முன்பு செய்தவர் இன்று முடியவில்லை என்றால் அது முதுமை. என்றுமே செய்யாதவர் என்றால் அது பாலினம். இந்த மூன்று கட்டம் இருந்தால் முதுமையியலும் பாலினவியலும் ஒரே அட்டவணையில் வந்து உட்காரும். கேள்வித்தாளில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

"சும்மாதான் இருக்கேன்"

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு முதிய பெண்கள் சொல்லும் விடை இது. அந்த நேரம் கையில் பூக்கட்டு ஓடிக்கொண்டிருக்கும், அல்லது புளி தட்டிக்கொண்டிருப்பார். வேலையைக் கேட்காமல் நேற்றைய நாளைக் கேளுங்கள். எழுந்தது எப்போது, அடுத்து என்ன, பிறகு என்ன என்று படுக்கும்வரை. நேற்று சாவு, கல்யாணம், சாமி கும்பிடு என்றால் முந்தாநாளை எடுங்கள். ஒரே நேரத்தில் நடப்பவற்றையும் குறியுங்கள்: ஆடு மேய்த்துக்கொண்டே பேத்தியைப் பார்த்துக்கொள்வது இரண்டு வேலை. ஒன்றிய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். உங்கள் ஊரின் கணக்கை இதோடு ஒப்பிடலாம்.

பணக் கேள்வியையும் உடைத்துக் கேளுங்கள். மாநிலத்தின் முதியோர் ஓய்வூதியம் 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. தேசியத் திட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு அதில் ஒன்றிய அரசின் பங்கு 79 வயதுவரை 200, எண்பதிலிருந்து 500. "முதியோர் பணம் வருதா?" என்பதோடு நிறுத்தினால் ஒன்றும் கிடைக்காது. கடைசியாக எந்த மாதம் வந்தது, யார் போய் எடுத்தது, கைக்கு எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு மிச்சம்? பல ஆண்டு மண்வேலை செய்து ரேகை தேய்ந்தவர்களுக்கு விரல் வைக்கும் கருவி ஏற்காமல் போகும். அதனால் தள்ளிப்போன மாதங்களைத் தனியாகக் குறியுங்கள். மருமகளுக்கு மகளிர் உரிமைத் தொகை வந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். பெயர் பெயராகக் கேளுங்கள்.

களத்தில்

துறைத் தலைவரின் கடிதத்தோடு முதலில் ஊராட்சித் தலைவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் பாருங்கள். முதல் நாள் எந்தத் தெருவில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறீர்கள் என்பதை ஊர் முழுக்கக் கவனிக்கும். ஊருக்கும் காலனிக்கும் முதல் நாளிலேயே போய்விடுங்கள். அறுபத்திரண்டு வயதுக்காரரைப் பாட்டி என்று கூப்பிட்டால் முகம் சுருங்கும். அம்மா, ஐயா என்று தொடங்குங்கள். "அப்பத்தான்னே கூப்பிடு" என்று அவர்களே சொன்னபின் மாறலாம்.

நூறு நாள் வேலை நடக்கும் நாட்களில் பிற்பகல் மூன்றுக்கு மேல் போங்கள். பொங்கல் வாரமும் சித்திரைத் திருவிழாவும் உள்ளூர்க் கோயிலில் காப்புக் கட்டிய நாட்களும் வேண்டாம். ஒரு பேட்டி 40 நிமிடம், நாளுக்கு நான்கு. 60 பேருக்குப் பதினைந்து நாள், திரும்பப் போவதையும் சேர்த்தால் ஒரு மாதம். அதற்கு முன் வேறொரு ஊரில் ஐந்து பேரிடம் கேள்வித்தாளைச் சோதியுங்கள். காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம், உதடு தெரியும்படி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். அன்றன்றே எழுதுங்கள்.

ஒப்புதலை வாசித்துக் காட்டி வாங்குங்கள். கைநாட்டு என்றால் சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். முதியவர்கள் பலருக்குக் கைநாட்டு என்றாலே சொத்துப் பத்திரம் நினைவுக்கு வரும். பயந்தால் வற்புறுத்த வேண்டாம். வாய்மொழி ஒப்புதலுக்குத் துறையின் நெறிமுறைக் குழுவிடம் முன்பே அனுமதி வாங்கி வையுங்கள்.

மகனோ மருமகளோ பக்கத்தில் நின்றால் பணம், சாப்பாடு, அடி உதை பற்றிய விடைகள் எல்லாம் "நல்லா பாத்துக்கிறாக" என்றுதான் வரும். யாரையும் எழுந்து போகச் சொல்லாதீர்கள். அந்தக் கேள்விகளைத் தள்ளிவைத்து, அவர் ஆடு கட்டவோ கோயிலுக்கோ போகும்போது கூட நடங்கள். கேள்வித்தாளில் "யார் உடன் இருந்தார்" என்ற கட்டம் கட்டாயம் வேண்டும்.

தலைக்கூத்தலைப் பற்றி, அதாவது படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் குடும்பத்தாரே சாகவிடும் வழக்கத்தைப் பற்றி, கேள்வி வைக்கப் பலருக்கு ஆசை வரும். முதுகலை ஆய்வேட்டில் வேண்டாம். அது கொலைக் குற்றம், உங்களால் சரிபார்க்க முடியாது, கேட்டதாலேயே ஒரு குடும்பத்தின் மீது ஊர்ப்பேச்சு எழும். 80களின் நடுவிலிருந்து பெண் சிசுக்கொலையைப் பற்றிக் கேட்க வந்தவர்களை உசிலம்பட்டி வட்டாரம் நிறையப் பார்த்திருக்கிறது. அந்த ஊர்களில் நோட்டுப் புத்தகத்தோடு வருபவர் மீது சந்தேகம் இருப்பது நியாயம்.

ஒருவர் துன்புறுத்தப்படுகிறார் என்று தெரிந்தால், அவர் விருப்பத்தைக் கேட்டபின், முதியோர் உதவி எண் 14567-ஐ எழுதிக் கொடுங்கள். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். இந்த இரண்டையும் அச்சடித்த தாளில் எல்லோருக்குமே கொடுத்துவிட்டால் யார் மீதும் சந்தேகம் விழாது.

எழுதும்போது

60 பேரை வைத்துக்கொண்டு நான்கு வரிசை ஐந்து நிரல் அட்டவணை போட்டால் 20 கட்டம், கட்டத்துக்குச் சராசரி மூன்று பேர். எதிர்பார்ப்பு எண் (இரண்டு தன்மைகளுக்கும் தொடர்பே இல்லை என்று கொண்டால் ஒரு கட்டத்தில் வர வேண்டிய எண்ணிக்கை) ஐந்துக்குக் குறையும் கட்டங்கள் பல இருந்தால், அந்தத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை (chi-square) நம்பத்தக்கதாக இருக்காது. வகைகளைச் சேருங்கள், அல்லது சிறிய எண்ணிக்கைக்கும் பொருந்தும் ஃபிஷரின் துல்லியச் சோதனையைப் பயன்படுத்துங்கள். எல்லா அட்டவணையும் ஆண், பெண் என்று பிரிந்திருக்கட்டும். "முதியோரில் இத்தனை சதவீதம்" என்று மொத்தமாக மட்டும் எழுதிய வரி எங்கே இருந்தாலும் அடித்துவிட்டுப் பிரித்து எழுதுங்கள்.

ஆட்களின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. "முன்னாள் ஊராட்சித் தலைவரின் தாய், 82 வயது, டீக்கடைக்குப் பின்வீடு" என்று எழுதினால் அந்த ஊரில் படித்த யாரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். வயதை ஐந்தாண்டு இடைவெளியாகக் கொடுங்கள், உறவை விடுங்கள், வீட்டின் இடத்தை விடுங்கள். பெயரும் எண்ணும் இணைந்திருக்கும் தாளைக் கேள்வித்தாள்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள். வாய்மொழித் தேர்வு முடிந்த வாரம் அந்தத் தாளையும், அதை அலைபேசியில் படம் எடுத்திருந்தால் படத்தையும் அழித்துவிடுங்கள்.